மோட்டார்ஹோமில் டேங்க்லெஸ் ஹீட்டரை மாற்றுவது: 42,000 பிடியுவிலிருந்து 60,000-க்கு

ஜூலையில் ஃப்ளோரிடாவில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொடுத்த டேங்க்லெஸ் ஹீட்டர் (தொட்டியில் சேர்த்து வைக்காமல், ஓடும் தண்ணீரையே கேஸில் சூடாக்குவது), அக்டோபரில் கொலராடோ மலையேறியதும் வெதுவெதுப்போடு நின்றுவிடும். பழைய மோட்டார்ஹோம் (சமையலறை, குளியலறையோடு வீடுபோல அமைந்த வண்டி) வாங்கியவர்கள் முதல் குளிர்காலத்தில் சொல்லும் புகார் பெரும்பாலும் இதுதான். பலர் உடனே ஹீட்டர் பழுது என்று முடிவுகட்டி அதே மாடலில் புதியதை வாங்கி மாட்டுவார்கள். அதுவும் அதே வெதுவெதுப்பைத்தான் தரும், ஏனென்றால் பழையதில் பழுதே கிடையாது. அதன் சக்தி அவ்வளவுதான்.

கணக்கு சின்னதுதான். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க ஒரு பிடியு (BTU என்ற வெப்ப அலகு) வெப்பம் வேண்டும். ஒரு அமெரிக்க கேலன் தண்ணீர் 8.33 பவுண்டு. ஆக நிமிடத்துக்கு ஒரு கேலன் ஓடும் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற, மணிக்குச் சுமார் 500 பிடியு. கிரார்டு ஜிஎஸ்டபிள்யூஎச்-2 போன்ற முந்தைய தலைமுறை ஹீட்டர்கள் மணிக்கு 42,000 பிடியு. எரிவாயுவின் வெப்பத்தில் 80 சதவீதம் தண்ணீரில் சேர்கிறது என்று வைத்தால் 33,600. ஷவரில் நிமிடத்துக்கு 1.5 கேலன் ஓடினால் 45 டிகிரி உயரும். ஃப்ளோரிடாவில் குழாய்த் தண்ணீரே 75 டிகிரி, அதோடு 45 சேர்ந்தால் 120. தாராளம். கொலராடோவில் தண்ணீர் 45 டிகிரியில் வந்தால் 90-தான் கிடைக்கும். நம் உடம்புச் சூடே 98.6 என்பதால் 90 டிகிரித் தண்ணீர் உடம்பில் பட்டால் குளிரும். வசதியாகக் குளிக்க 105 வேண்டும்.

60,000 பிடியு ஹீட்டரில் அதே கணக்குப் போட்டால் 64 டிகிரி உயர்வு, 45-ல் வரும் தண்ணீர் 109-ல் வெளியேறும். சபர்பன் நாட்டிலஸ் ஐடபிள்யூ60, ட்ரூமா அக்வாகோ இரண்டும் இந்த 60,000 வகை.

செலவு குறைந்த சோதனை ஒன்றை முதலில் செய்து பாருங்கள். ஷவர் தலையை நிமிடத்துக்கு 1.2 கேலன் வகைக்கு மாற்றினால் பழைய 42,000 ஹீட்டரே 56 டிகிரி ஏற்றும், 45-ல் வந்த தண்ணீர் 101-க்குப் போய்விடும். வருடத்தில் இரண்டு வாரம்தான் குளிர்ப் பிரதேசம் போகிறீர்கள் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். இதற்கும் மேல் சூடு வேண்டும் என்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். 2,000 அடிக்கு மேல் போனால் கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடிக்கும் 4 சதவீதம் சக்தி குறையும் என்பது எரிவாயுக் கருவிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கிராண்ட் கேன்யன் போகிற வழியில் எல்லோரும் தங்கும் ஃப்ளாக்ஸ்டாஃப் ஏறத்தாழ 7,000 அடி. அங்கே 60,000 என்பது 43,000 சொச்சமாகிவிடும். அதாவது, பழைய ஹீட்டர் கடற்கரையில் கொடுத்ததைத்தான் புதியது மலைமேல் கொடுக்கும். சில மாடல்களில் உயரத்துக்கென்று தனி அமைப்பு உண்டு, வாங்கும் முன் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

ஹீட்டர் பெட்டியை மாற்றுவது அரை நாள் வேலை. பெட்டிக்கு வந்து சேரும் கேஸ், தண்ணீர், 12 வோல்ட் மூன்றும் போதுமா என்று பார்ப்பதில்தான் மாற்றம் பலிப்பதும் பலிக்காததும் இருக்கிறது. ஆகவே ஹீட்டரை ஆர்டர் செய்யும் முன்பே இந்த மூன்றையும் அளந்துவிடுங்கள்.

கேஸ் குழாய்

மோட்டார்ஹோமில் ரெகுலேட்டரைத் தாண்டி வரும் ப்ரொப்பேனின் அழுத்தம் 11 அங்குல நீர்மட்டம். ஒரு பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) பாதிகூட இல்லை, 0.4 தான். இவ்வளவு மெல்லிய அழுத்தம் என்பதால் குழாய் கொஞ்சம் ஒடுங்கினாலும் கருவி பசியில் வாடும். வண்டிக்கு அடியில் ஓடும் முதன்மைக் குழாய் வழக்கமாக அரை அங்குலக் கறுப்பு இரும்பு. அதிலிருந்து ஹீட்டருக்குப் பிரியும் செம்புக் குழாய்தான் தொல்லை. வண்டியில் முதலில் இருந்தது 6 கேலன் தொட்டி ஹீட்டர் என்றால் அதற்கு 12,000 பிடியு போதும், அதனால் அப்படிப்பட்ட பல வண்டிகளில் 3/8 அங்குல வெளிவிட்டக் குழாயே போட்டிருப்பார்கள்.

என்எஃப்பிஏ 54 (அமெரிக்காவின் எரிவாயுக் குழாய் விதித்தொகுப்பு) அட்டவணைப்படி, 11 அங்குல அழுத்தத்தில் அரை அங்குல இழப்பை அனுமதித்தால், செம்புக் குழாய் கொண்டுபோகும் அளவு இது:

3/8 அங்குல வெளிவிட்டம்: 10 அடிக்கு 45,000 பிடியு, 20 அடிக்கு 31,000.
1/2 அங்குல வெளிவிட்டம்: 10 அடிக்கு 93,000, 20 அடிக்கு 64,000, 30 அடிக்கு 51,000.
5/8 அங்குல வெளிவிட்டம்: 20 அடிக்கு 129,000, 30 அடிக்கு 104,000.

நீளத்தை ரெகுலேட்டரிலிருந்து மிகத் தூரத்தில் உள்ள கருவிவரை எடுக்க வேண்டும். பிரியும் இடத்திலிருந்து மட்டும் அளந்துவிட்டுத் திருப்திப்படுவது வழக்கமான தவறு. 3/8 குழாயில் 10 அடிக்கே 60,000 ஓடாது என்பது மேலே பார்த்தாலே தெரியும். குழாய் முனையில் ஒரு ரெட்யூசரைப் போட்டுப் புது ஹீட்டரை மாட்டிவிட்டால் முதலில் எரியும், சமையலறைக் குழாயில் சூடாகவும் வரும். ஷவரை முழுசாகத் திறந்து ஃபர்னஸும் (வண்டிக்குள் சூடுகாட்டும் கேஸ் ஹீட்டர்) ஓடும்போது ஜுவாலை சுருங்கி, கட்டுப்பாட்டுப் பலகை பிழைக் குறி காட்டி அணையும். அப்போது ஹீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரெகுலேட்டரின் திறனையும் கூட்டிப் பாருங்கள். ஹீட்டர் 60,000, ஃபர்னஸ் 35,000, மூன்று பர்னர் அடுப்பு 20,000 சொச்சம், கேஸ் பிரிட்ஜ் 2,000. மொத்தம் 1,20,000-ஐ நெருங்கும். இரண்டு நிலை ரெகுலேட்டர்களில் 1,60,000 பிடியு வகை பரவலாகக் கிடைக்கிறது, அது போதும். வண்டி பத்துப் பதினைந்து வருடப் பழசு என்றால் ரெகுலேட்டரையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

இங்கே ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். செம்புக் குழாய் வெட்டி ஃபிளேர் அடித்து (இணைப்புக்காக முனையைக் கூம்பாக விரித்து)ப் பழக்கமில்லை என்றால் கேஸ் பகுதியை மட்டும் சான்றிதழ் பெற்ற ஆர்வி (மோட்டார்ஹோம் வகை வண்டிகள்) டெக்னீஷியனிடம் விடுங்கள். டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வியே இல்லை: ஒண்டாரியோவில் ப்ரொப்பேன் இணைப்பைச் சான்றிதழ் உள்ளவர்தான் தொடலாம்.

தண்ணீர்

டேங்க்லெஸ் ஹீட்டர் எரியத் தொடங்குவது உள்ளே தண்ணீர் ஓட்டத்தை உணரும் ஃப்ளோ சென்சார் சொல்லித்தான். குறைந்தபட்ச ஓட்டம் மாடலுக்கு மாடல் வேறு, வாங்கும் முன் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஷவரில் எவ்வளவு ஓடுகிறது என்பதை ஒரு கேலன் பால் ஜாடியும் கைபேசிக் கடிகாரமும் கொண்டு அளந்துவிடலாம். ஜாடி 40 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 1.5 கேலன், ஒரு நிமிடம் எடுத்தால் 1 கேலன். கேம்ப்கிரவுண்டு இணைப்பில் ஒரு முறையும் வண்டியின் பம்பில் ஒரு முறையும் அளக்கவும்.

பம்பில் ஓடும்போது தண்ணீர் துடித்துத் துடித்து வந்தால் சென்சார் குழம்பும், ஹீட்டர் பற்றிப் பற்றி அணையும். பம்புக்கு அடுத்து ஒரு சிறிய அக்யூமுலேட்டர் தொட்டியை வைத்தால் துடிப்பு அடங்கும். நிமிடத்துக்கு 3 கேலன், 55 பிஎஸ்ஐ தரும் ஷர்ஃப்ளோ 4008 போன்ற பம்பு ஹீட்டருக்குப் போதுமானது.

12 வோல்ட்

இக்னைட்டர், விசிறி, பலகை எல்லாம் வண்டியின் பேட்டரியில் ஓடுபவை. பழைய ஹீட்டருக்கு வந்த கம்பியையே பயன்படுத்தலாம், ஆனால் ஹீட்டர் எரியும்போது அதன் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 12.6 இருந்து இங்கே 11-ஐ ஒட்டி நின்றால் கம்பி மெலிது, அல்லது எங்கோ இணைப்பு அரித்திருக்கிறது. 12 கேஜ் கம்பியைப் புதிதாக இழுத்துவிடுங்கள். ஃபியூஸ் அளவு கையேடு சொல்வதுதான், நாமாக ஏற்றக் கூடாது.

நிறத்தை நம்பாதீர்கள். கார் வயரிங் தெரிந்தவர்கள் கறுப்பைக் கண்டதும் நெகட்டிவ் என்பார்கள். அமெரிக்க மோட்டார்ஹோம்களின் 12 வோல்ட்டில் பெரும்பாலும் வெள்ளைதான் நெகட்டிவ், கறுப்பு பாசிட்டிவாக இருக்கலாம். அதே ஹீட்டர் அறைக்குள் 120 வோல்ட்டின் கறுப்பும் வெள்ளையும் வந்திருக்கவும் கூடும். சபர்பன் எஸ்டபிள்யூ6டிஇ போன்ற தொட்டி ஹீட்டர்களில் 1,440 வாட் மின்சுருள் உண்டு, அதற்கு வரும் கம்பி அது. ஷோர் பவர் (வெளி மின் இணைப்பு) பிளக்கைப் பிடுங்கி, ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் நிறுத்தி, மீட்டரால் உறுதி செய்த பிறகே கை வைக்கவும். வேண்டாத 120 வோல்ட் கம்பியை வயர்நட் போட்டு மூடிய ஜங்ஷன் பெட்டிக்குள் அடைத்து, அதன் பிரேக்கரையும் அணைத்துப் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

வாங்கும் முன் இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, பெட்டியில் ஆர்விக்கு ஏற்றது என்ற முத்திரை இருக்க வேண்டும். தோட்டத்தில் தொங்கவிடும் மலிவான போர்ட்டபிள் கீசரை வண்டிக்குள் மாட்டக் கூடாது. அது எரியும் புகையை வெளியே தள்ளும் அமைப்பு இல்லாதது, கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். இரண்டு, சுவரில் உள்ள துளை. சபர்பன் 6 கேலன் துளை ஏறத்தாழ 12¾ அங்குலச் சதுரம், ஆட்வுட் 6 கேலன் அதைவிட அகலம். பெரிய துளையில் சின்னப் பெட்டி போகும், கதவு மட்டும் பெரிதாக வாங்க வேண்டும். துளை சிறிதாக இருந்து வெட்ட வேண்டி வந்தால் சுவருக்குள் இருக்கும் அலுமினியச் சட்டம், கம்பி எல்லாவற்றையும் பார்த்த பிறகே ரம்பம் தொடட்டும். ஆழத்தையும் அளக்க மறக்காதீர்கள். பின்பக்கம் குழாய் வளைய 4 அங்குலமாவது இடம் வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: அரை அங்குல பெக்ஸ் (வளையும் பிளாஸ்டிக்) குழாய் 6 அடி, பித்தளை ஸ்விவல் இணைப்புகள் இரண்டு, கிரிம்ப் வளையங்களும் கருவியும், பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை நாடா) ஒரு சுருள், துருப்பிடிக்காத திருகுகள், மஞ்சள் நிறக் கேஸ் டேப், 45 டிகிரி ஃபிளேர் கருவி, கசிவு சோதிக்கும் நுரைத் திரவம், மானோமீட்டர் (கேஸ் அழுத்தத்தை அளக்கும் கருவி).

கழற்றுவது

1. ஹீட்டரை அணைத்து, ப்ரொப்பேன் தொட்டியின் வால்வை மூடி, அடுப்பின் ஒரு பர்னரை எரியவிட்டுக் குழாயில் மிஞ்சிய கேஸைத் தீர்க்கவும்.

2. பம்பை நிறுத்தி, ஊர்த் தண்ணீரை (கேம்ப்கிரவுண்டு இணைப்பை)த் துண்டித்து, ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடவும். தொட்டி ஹீட்டர் என்றால் ஆறிய பிறகே அடியிலுள்ள வடிகால் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடிக்கவும். 6 கேலன் தண்ணீர் 50 பவுண்டு, அதோடு தூக்க முயன்றால் முதுகு போய்விடும்.

3. கேஸ் இணைப்பை இரண்டு ரெஞ்சால் கழற்றவும். ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒற்றை ரெஞ்சால் திருப்பினால் செம்பு முறுகிச் சுருங்கும், பார்வைக்கும் தெரியாது. திறந்த முனையில் உடனே மூடி போடுங்கள்.

4. கம்பிகளைக் கைபேசியில் படமெடுத்துப் பிரிக்கவும். சுற்றியுள்ள திருகுகளை எடுத்தபின்னும் பெட்டி வராது, பியூட்டைல் பிடித்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ஃபைபர்கிளாஸ் சுவர் விரியும். தலைமுடி உலர்த்தியால் சூடுகாட்டி, பட்டைக் கத்தியை நுழைத்து மெதுவாக இழுங்கள்.

5. துளையின் கீழ்ப்பக்க மரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். பஞ்சு போல அமுங்கினால் பல வருடமாக மழை உள்ளே இறங்கியிருக்கிறது. மரத்தை மாற்றாமல் புது ஹீட்டரைத் திருகினால் ஒரு பயணத்திலேயே திருகுகள் கழன்றுவிடும்.

பொருத்துவது

பெட்டி தரையில் உட்கார வேண்டும், சுவரில் தொங்கக் கூடாது. தரை தாழ்ந்திருந்தால் பிளைவுட் மேடை போட்டு அதைத் தரையோடு திருகவும். வெளிச்சட்டத்தின் பின்புறம் பியூட்டைலைத் தொடர்ச்சியாக ஒட்டி, மூலைகளில் கொஞ்சம் மேலெழுந்து கவியவிட்டு, பெட்டியைத் தள்ளித் திருகவும். பிதுங்கி வரும் பியூட்டைலை மறுநாள் பிளாஸ்டிக் துண்டால் வழித்தெடுங்கள். சிலிக்கோன் இங்கே வேண்டாம், பிற்காலத்தில் அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது.

குளிர்நீர், வெந்நீர் முனைகளில் டெஃப்லான் டேப் சுற்றி ஸ்விவல் இணைப்பு, பிறகு பெக்ஸ். உள்ளே போகும் முனையில் வடிகட்டி வலை இருக்கிறதா என்று பார்த்து, ஹீட்டரை இணைக்கும் முன் குளிர்நீர்க் குழாயை ஒரு வாளியில் திறந்து அலசுங்கள். வெட்டும்போது விழுந்த பெக்ஸ் துணுக்கு வலையில் அடைத்தால் முதல் நாளே ஓட்டம் குறையும்.

பழைய தொட்டிக்குப் பின்னால் குளிர்காலப் பைபாஸ் வால்வுகள் இருக்கும். நடு வால்வு பாதி திறந்திருந்தால் குளிர்நீர் ஹீட்டரைச் சுற்றிப் போய் வெந்நீரில் கலக்கும். அந்த வால்வைச் சரியாக மூடுங்கள், பழசென்றால் அறவே எடுத்துவிடுங்கள்.

இனி ஃபிளேர். குழாயை கட்டரால் வெட்டி, உள்விளிம்பின் பிசிறை ரீமரால் எடுக்கவும். அடுத்து, ஃபிளேர் அடிக்கும் முன் நட்டைக் குழாயில் நுழைக்க வேண்டும். அனுபவஸ்தர்களும் மறப்பது இதைத்தான், மறந்தால் வெட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். விரிந்த முகம் ஒரே சீராக, கீறலோ பிளவோ இல்லாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஃபிளேர் இணைப்பில் டேப் சுற்றக் கூடாது, உலோகம் உலோகத்தில் அமர்ந்துதான் அது அடைக்கிறது. மஞ்சள் டேப் கூம்பு மரைக்கு மட்டும்.

கேஸ் குழாயும் கம்பியும் பெட்டிக்குள் நுழையும் ஓட்டைகளை மறக்காமல் அடைக்கவும். பர்னர் இருக்கும் அறையிலிருந்து புகை வண்டிக்குள் வர அந்த ஓட்டை ஒன்றே போதும். சிலிக்கோனுக்கு இந்த ஒரு இடத்தில் வேலை உண்டு.

கசிவு சோதனை, முதல் எரிப்பு

ஊரில் புது சிலிண்டர் வந்ததும் சோப்பு நுரை தடவிப் பார்ப்போமே, அதேதான். ஆனால் பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். அம்மோனியா கலந்தது பித்தளையை விரிசலாக்கும், இதற்கென்றே விற்கும் நுரைத் திரவத்தைப் பயன்படுத்துங்கள். நுரை கண்ணில் தெரிந்த கசிவைத்தான் காட்டும் என்பதால் மானோமீட்டர் சோதனையும் வேண்டும். அடுப்பில் அதை இணைத்து, தொட்டி வால்வைத் திறந்து மூடி, அழுத்தத்தை 8 அங்குலத்துக்கு இறக்கி ஐந்து நிமிடம் பாருங்கள். முள் அசையக் கூடாது. பிறகு வால்வைத் திறந்து ஹீட்டர், ஃபர்னஸ், அடுப்பு மூன்றையும் ஒன்றாக எரியவிட்டு அழுத்தத்தைப் படிக்கவும். 11-ஐ ஒட்டி நின்றால் குழாய் போதும். 10-க்குக் கீழே இறங்கினால் குழாயை மறுபடி அளக்க வேண்டியதுதான்.

எரிக்கும் முன் எல்லா வெந்நீர்க் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, சீறல் நின்று தண்ணீர் சீராக வரும்வரை விடவும். கேஸ் குழாயிலும் காற்று இருக்கும், அடுப்பு சீராக எரியும்வரை காத்திருங்கள். இதைச் செய்யாமல் ஹீட்டரைப் போட்டால் மூன்று நான்கு முறை பொறி தட்டிவிட்டுப் பூட்டிக்கொள்ளும். அணைத்துப் போட்டால் மறுபடி முயலும்.

அன்றே கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் தரையை ஒட்டி இருக்கும் ப்ரொப்பேன் அலாரத்தையும் பாருங்கள். பின்னால் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும்.

குளிக்கும் முறை மாறும்

தொட்டி ஹீட்டருக்குப் பழகியவர்கள் வெந்நீரைக் கொதிக்கவிட்டுக் குளிர்நீர் கலந்து குளிப்பார்கள். இங்கே அப்படிக் கலந்தால் ஹீட்டர் வழியாகப் போகும் ஓட்டம் குறைந்து, சென்சார் தண்ணீர் நின்றுவிட்டதாக நினைத்து அணைக்கும். சோப்புப் போட்ட கண்ணோடு பச்சைத் தண்ணீர். ஹீட்டரில் 105 அல்லது 108 வைத்து வெந்நீர்க் குழாயை மட்டும் திறக்கவும், குளிர்நீரைத் தொட வேண்டாம்.

சோப்புப் போட நிறுத்தித் திறந்தால் முதலில் குழாயில் தங்கிய வெந்நீர், பிறகு சில விநாடி குளிர்நீர், பிறகு மறுபடி வெந்நீர். சாதாரண டேங்க்லெஸ்ஸின் இயல்பு இது. உள்ளே சின்னத் தொட்டி வைத்த ட்ரூமா போன்ற மாடல்களில் இது மிகக் குறைவு, விலையும் அதற்கேற்ப ஏறும். மின் தண்ணீர் இணைப்பில்லாத இடத்தில் தங்குபவர்கள் சூடாகும்வரை ஓடும் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து வைத்தால் காபிக்காவது ஆகும். முடிவே இல்லாத வெந்நீர் என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். 40 கேலன் கழிவுநீர்த் தொட்டி 1.5 கேலன் ஓட்டத்தில் 27 நிமிடத்தில் நிரம்பிவிடும்.

எங்கே தேடுவது

தண்ணீர் எல்லாக் குழாயிலும் வெதுவெதுப்பு: வெளி ஷவரைப் பாருங்கள். அதன் இரண்டு திருகும் திறந்து தலை மட்டும் மூடியிருந்தால் குளிர்நீர் அதன் வழியே வெந்நீர்க் குழாய்க்குள் கசியும். இருபது நாள் தேடியும் கிடைக்காத பழுது பல நேரம் இங்கே இருக்கிறது. அடுத்துப் பைபாஸ் வால்வு.

ஊர்த் தண்ணீரில் எரிகிறது, பம்பில் எரியவில்லை: பம்பின் முன்வடிகட்டி அடைப்பு, அல்லது அக்யூமுலேட்டர் இல்லாத துடிப்பு.

பொறி தட்டும் சத்தம் உண்டு, பற்றவில்லை: ப்ரொப்பேன் தொட்டி, காற்று, பிறகு சிலந்தி. சில மாதம் நிறுத்தி வைத்த வண்டியில் பர்னர் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டியிருக்கும், அழுத்தக் காற்றுக் குப்பியால் ஊதிவிடவும்.

ஃபர்னஸ் ஓடினால் மட்டும் அணைகிறது: கேஸ் குழாய் அல்லது வோல்டேஜ். இரண்டையும் மீட்டரால் பாருங்கள், ஊகிக்க வேண்டாம்.

வருடம் ஆக ஆகச் சூடும் ஓட்டமும் குறைகிறது: சுண்ணாம்பு. அரிசோனா, டெக்ஸஸ் பக்கக் கடினநீரில் சுற்றுபவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது வெள்ளை வினிகரையோ கையேடு சொல்லும் கரைசலையோ ஹீட்டருக்குள் சுழலவிட்டு, நல்ல தண்ணீரால் அலச வேண்டும். நுழைவு வலையையும் அப்போதே கழுவிவிடலாம்.

உறைநிலை வந்துவிட்டால் இந்தப் பெட்டி தொட்டியைவிடச் சீக்கிரம் செத்துப்போகும். உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் குழாயில் ஒரு கோப்பைத் தண்ணீர் உறைந்தாலே பிளந்துவிடும், சூட்டுமாற்றியையே மாற்ற வேண்டி வரும். உறைவுக் காப்பு உள்ள மாடலிலும் 12 வோல்ட்டும் கேஸும் இயக்கத்தில் இருந்தால்தான் அது காக்கும், வண்டியை நிறுத்திப் பேட்டரியைத் துண்டித்துவிட்டால் காப்பும் போச்சு. நிறுத்தும் முன் வடிகால் அடைப்பைக் கழற்றி, எல்லா வெந்நீர்க் குழாய்களையும் திறந்து, 40 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் காற்றால் ஊதவும். இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை ஹீட்டருக்குள் விடலாமா கூடாதா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும், கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். கழற்றிய அடைப்பை ஒரு பையில் போட்டு ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிட்டால் வசந்தத்தில் தேட வேண்டியிருக்காது.